துப்பாக்கி மட்டும் வெல்லவில்லை: மாணவர் பக்கக் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மாணவர் பக்கத்தில், துப்பாக்கி வந்த பிறகு போர்க்களம் எப்படி மாறியது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இடைக்காலம் முடிந்தது, துப்பாக்கி வந்தது, வந்ததும் வில்லும் குதிரையும் ஒழிந்தன, துப்பாக்கி வைத்திருந்த ஐரோப்பியர் வாள் வைத்திருந்த நம்மவர்களை எளிதாக வென்றார்கள். இதுதான் கட்டுரையின் சாரம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டு, "அவங்ககிட்ட துப்பாக்கி, நம்மகிட்ட வாளு. அதனாலதான் தோத்தோம், இல்ல தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு வீட்டிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டிய பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் பதில் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் என்.சி.சி. பொறுப்பும் நெடுங்காலம் என்னிடம்தான் இருந்தது. நூறு பையன்களை ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைக்கச் செய்வது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இந்த டிரில் எங்கிருந்து வந்தது, யார் தொடங்கியது, எதற்காக என்று தேடப் போய்த்தான் பழைய போர்களைப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் திரித்துப்பாக்கி, அதாவது புகையும் கயிற்றுத் திரியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடும் பழைய துப்பாக்கி.

முதலில், துப்பாக்கி நம்மிடம் இல்லை என்பதே பிழை. 1520 மே 19 அன்று ராய்ச்சூருக்கு அருகே கிருஷ்ணா நதிக்கரையில் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயரும் பீஜப்பூர் இஸ்மாயில் அடில் ஷாவும் மோதினார்கள். சுல்தானிடம் ஏராளமான பீரங்கிகள் இருந்தன. விஜயநகரப் படை நெருங்கி வந்ததும் அத்தனை பீரங்கிகளையும் ஒரே சமயத்தில் வெடிக்க வைத்தார்கள். முன்வரிசை சிதறியது, பலர் செத்தார்கள், மீதிப் பேர் பின்வாங்கினார்கள். அந்த நேரத்தில் ராயர் குதிரை ஏறி, இரண்டாம் அணியைத் திரட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்தார். பீரங்கிகளில் மறுபடி மருந்து கெட்டிக்க சுல்தானின் ஆட்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. சுல்தானின் படை ஆற்றுக்குள் துரத்தப்பட்டது. இதை எழுதி வைத்தவர் அந்த நூற்றாண்டில் விஜயநகரத்தில் தங்கியிருந்த போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ்.

ராய்ச்சூரில் அதிக பீரங்கி வைத்திருந்தவர்தான் தோற்றார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தால், அடுத்த சில நிமிடங்களுக்குப் பீரங்கிக்காரன் கையில் இருப்பது வெறும் இரும்பு. துப்பாக்கிக்காரனுக்கும் அதே கதிதான். கட்டுரையில் இந்த ஒரு விஷயம் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியை எப்படிச் சுட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. குழாயின் வாய் வழியாக அளந்த மருந்தைக் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட வேண்டும். கோலை உருவி இடித்து இறுக்க வேண்டும், கோலைத் திரும்பச் செருக வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சிறு கிண்ணத்தில் பொடி மருந்து வைத்து மூட வேண்டும். வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காய்ந்த கயிற்றுத் திரி இடது கையில் புகைந்துகொண்டே இருக்கும். அதை ஊதி, சாம்பலைத் தட்டி, கொக்கியில் மாட்டி, கிண்ணத்தைத் திறந்து, குறி பார்த்து, பிறகுதான் விசை. இத்தனையும் கையில் நெருப்பை வைத்துக்கொண்டு, இடுப்பில் தொங்கும் மருந்துக்கு அரை அடி தள்ளி நடக்க வேண்டும். மழை பெய்தால் திரி அணைந்தது, ஆட்டம் முடிந்தது. நல்ல பழக்கமுள்ளவன் நிமிடத்துக்கு ஒரு தடவை சுட்டால் பெரிது. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை அந்த நூறு மீட்டரைக் கடக்கப் பத்து விநாடி போதும். அதாவது ஒரே ஒரு வெடி. அதற்குள் குதிரைக்காரன் தலைக்கு மேல் வந்து நிற்பான்.

இங்கிலாந்தின் நெடுவில்லாளி இதைவிடப் பல மடங்கு வேகமாக அம்பு எய்தான். பின் ஏன் வில் போனது? வில்லாளியை உருவாக்கச் சிறுவயதிலிருந்தே வருடக்கணக்கில் தோளை வளர்க்க வேண்டும். திரித்துப்பாக்கியைச் சில வாரங்களில் ஒரு விவசாயிக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். அவன் செத்தால் இன்னொருவனைக் கொண்டுவரலாம். இந்தக் கணக்கில்தான் வில் தோற்றது.

அந்த ஒரு நிமிட இடைவெளியை என்ன செய்வது? இரண்டு நூற்றாண்டுகள் தளபதிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இதுதான். இடைக்காலத்துக்குப் பிந்தைய போர்முறை மாற்றம் எல்லாமே இந்தக் கேள்விக்கு வெவ்வேறு இடங்களில் கிடைத்த விடைகள் என்பேன்.

முதல் விடை, மண்வெட்டி. 1503 ஏப்ரல் 28, தெற்கு இத்தாலியில் செரிஞோலா. ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தெ கோர்தோபா ஒரு திராட்சைத் தோட்டச் சரிவில் பள்ளத்தை அகலமாக வெட்டி, அந்த மண்ணைக் கரையாகப் போட்டு, பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். சண்டை தொடங்கியதுமே அவருடைய வெடிமருந்து தீப்பிடித்து வெடித்துவிட்டது. பீரங்கிகள் பயனற்றுப் போயின. ஆனாலும் இரும்புக் கவசம் பூட்டிய பிரெஞ்சுக் குதிரைப்படை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து திகைத்து நின்றது. தாண்ட வழி தேடிப் பக்கவாட்டில் திரும்பியபோது குண்டுகள் பாய்ந்தன. பிரெஞ்சுத் தளபதி நெமூர் பிரபு அங்கேயே விழுந்தார். 1522-இல் மிலான் பக்கத்துப் பிகோக்காவில், பள்ளத்தில் இறங்கிய ஒரு சாலைக்கும் அதன் பின்னால் எழுப்பிய மண்கரைக்கும் முன்னால் சுவிஸ் ஈட்டிப் படை 3,000 பேரைப் பறிகொடுத்தது. ஐரோப்பாவில் பலரும் எதிர்த்து நிற்க அஞ்சிய படை அது.

இரண்டாவது விடை, வண்டி. இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவில் யான் ஜிஷ்கா என்ற தளபதி 1420-களிலேயே உழவர்களை வண்டிக்கோட்டைக்குள் நிறுத்திக் குதிரைவீரர்களை ஓடவிட்டார். 1526 ஏப்ரல் 21-இல் பானிப்பட்டில் பாபர் எழுநூறு வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து வைத்து, நடுநடுவே தன் குதிரைகள் புறப்பட்டுப் போக இடைவெளி விட்டு, தட்டிகளுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். இப்ராகிம் லோடியின் பெருங்கூட்டம் அந்த வரிசைக்கு முன் வந்து தயங்கி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தபோது, பாபரின் குதிரைவில்லாளிகள் இரு பக்கமும் சுற்றிப்போய் முதுகில் அடித்தார்கள். அதாவது பானிப்பட்டில் துப்பாக்கியோடு வில்லும் சேர்ந்துதான் வென்றது! வில் ஒழிந்தது என்று எழுதியவர் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 1575-இல் நாகஷினோவில் ஓடா நொபுனாகா செய்தது மரத்தடுப்பு. அங்கே மூன்று வரிசைகள் மாறி மாறிச் சுட்டதாகச் சொல்லப்படும் கதையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள்.

மூன்றாவது விடை, நீள ஈட்டி. பள்ளம் வெட்ட நேரமில்லாத திறந்தவெளியில், துப்பாக்கிக்காரன் மருந்து கெட்டிக்கும்வரை அவனைக் காப்பாற்ற ஐந்து மீட்டர் நீள ஈட்டிக்காரர்கள் சதுரமாக நின்றார்கள். ஸ்பெயின் 1530-களில் இதையே நிரந்தரப் படைப்பிரிவாக அமைத்தது. ஆகத் துப்பாக்கி வந்தபோது ஈட்டி ஒழியவில்லை. துப்பாக்கிக்குக் காவலாக இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கூடவே நின்றது.

நான்காவது விடைதான் என்னுடைய துறை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1594 டிசம்பரில் நெதர்லாந்தின் வில்லெம் லோடவைக் தன் ஒன்றுவிட்ட சகோதரரும் டச்சுப் படைத் தலைவருமான நாசவ் மௌரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய ரோமானியப் படைவரிசை பற்றிப் படித்ததிலிருந்து அவருக்கு ஒரு யோசனை. துப்பாக்கிக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகப் பல வரிசைகள் நிறுத்துவது. முதல் வரிசை சுட்டதும் திரும்பி, வரிசைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகப் பின்னால் நடந்து போய்க் கடைசியில் நிற்கும். அடுத்த வரிசை முன்னால் வந்து சுடும். பின்னால் போனவன் மறுபடி முன்னால் வந்து சேர்வதற்குள் அவன் துப்பாக்கி தயாராகிவிடும். கடிதத்திலேயே எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவனுக்கு ஒரு நிமிடம் ஆகும் என்றால், பத்து வரிசை இருந்தால் ஆறு விநாடிக்கு ஒரு வெடி. அந்தப் பயங்கரமான ஒரு நிமிடம் காணாமல் போய்விட்டது.

தாளில் இது எளிது. இதைப் பள்ளி மைதானத்தில் பையன்களை வைத்துச் செய்து பார்த்தவன் நான். சுண்ணாம்புக் கோடு போட்டு, மூங்கில் கோல்களைத் துப்பாக்கியாகக் கொடுத்து, விசில் ஊதி நடத்தினோம். சந்து ஒரு முழம் குறைந்தாலும் திரும்புகிறவன் கோல் பக்கத்தில் நிற்பவன் முகத்தில் அடிக்கும். ஒருவன் இடப்பக்கம் திரும்ப வேண்டியவன் வலப்பக்கம் திரும்பினால் மொத்த வரிசையும் முடிச்சு விழும். பின்னால் இருப்பவன் அவசரப்பட்டு முன்னால் வந்தால், நிஜத் துப்பாக்கியாக இருந்தால் தன் ஆளையே சுட்டிருப்பான். இது பகல் வெளிச்சத்தில், காசிமேட்டுக் கடல்காற்றில், பயமில்லாமல் செய்தது. புகை கண்ணை மறைக்க, கையில் நெருப்புத்திரி எரிய, பக்கத்தில் நண்பன் விழுந்து துடிக்க, எதிரியை நோக்கி முதுகைத் திருப்பி நடந்து போக ஒரு மனிதனுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! அவன் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. ஒருவன் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள்.

அதனால்தான் மௌரிஸின் படையில் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணை வைத்தார்கள். 1607-இல் யாக்கோப் தெ ஹைன் வரைந்து வெளியான பயிற்சிப் படங்களில் மஸ்கட் துப்பாக்கிக்கு மட்டும் 43 நிலைகள் இருக்கின்றன. திரியை ஊதுவது ஒரு நிலை, கோலை உருவுவது ஒரு நிலை. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு என்.சி.சி. பயிற்சி நினைவுக்கு வந்தது. சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட் என்று நாங்கள் கூவியதெல்லாம் அங்கிருந்து வந்த சங்கிலிதான். ஆணைகேட்டு அசையும் உடம்பு என்ற ஒன்றை உருவாக்கியது திரித்துப்பாக்கியின் மந்தம்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. இப்படிப் பழக்கியவனை அறுவடைக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் பழக்கம் போய்விடும். ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும், சோறு போட வேண்டும், நாள் தவறாமல் சம்பளம் கொடுக்க வேண்டும். மௌரிஸின் படை பேர் வாங்கியதற்கு டச்சுக்காரர்கள் ஒழுங்காகக் கூலி கொடுத்ததும் காரணம். எதிர்ப்பக்கத்தில் ஸ்பெயின் ராஜாவால் கொடுக்க முடியவில்லை. சம்பளம் கிடைக்காத அவருடைய சிப்பாய்கள் 1576 நவம்பரில் ஆன்ட்வெர்ப் நகரத்தைச் சூறையாடினார்கள், ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். துப்பாக்கிப் படைக்குப் பின்னால் வரி வசூலும் கஜானாவும் கணக்குப்பிள்ளையும் நின்றார்கள். கட்டுரையில் ஒரு வரியாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

மீதிக் கதை சுருக்கம். சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி திரியை ஒழித்தது. ஈட்டிக்காரனின் வேலையைத் துப்பாக்கி முனையில் செருகும் பயனெட் கத்தி எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் அதைக் குழாய்வாய்க்குள்ளேயே செருகினார்கள். செருகிவிட்டால் சுட முடியாது. 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை கத்தியைச் செருகிக்கொண்டிருக்கும்போதே மலைநாட்டார் வாளோடு இறங்கி வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு குழாயைச் சுற்றி வளையமாக மாட்டும் பயனெட் வந்தது. 1700 வாக்கில் ஈட்டி போனது, வரிசைகள் பத்திலிருந்து மூன்று நான்காக மெலிந்தன, நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடி என்றானது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைச் சில நாட்களிலேயே பிடித்துவிட்டார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான், கோட்டையைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டுத் தன் மூத்த மகன் மஃபூஸ் கானைப் பத்தாயிரம் பேரோடு அனுப்பினார். கோட்டைக்குக் குடிநீர் தந்த, நகருக்கு வடக்கே இருந்த ஊற்றை மஃபூஸ் கானின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நவம்பர் 2-ஆம் தேதி கோட்டையிலிருந்து நானூறு பேர் இரண்டு சிறு பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். அணிக்குப் பின்னால் பீரங்கிகளை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். நவாபின் குதிரைப்படை பாய்ந்து வந்ததும் அணி இரண்டாகப் பிரிந்து விலகியது, பீரங்கிகள் பேசின. ஒருமுறை சுட்டால் அடுத்ததற்குக் கால்மணி நேரம் ஆகும் என்றிருந்தவர்களுக்கு முன்னால், ஒரே பீரங்கி நிமிடத்துக்கு ஐந்தாறு முறை வெடித்தது. முதல் வெடிக்கு நின்றவர்கள் அடுத்தடுத்த வெடிகளுக்கு நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 4-ஆம் தேதி, அடையாற்று முகத்துவாரத்தில் பெரிய மோதல். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையோடு வந்த கேப்டன் பாரடி (Paradis) என்ற சுவிஸ்காரரிடம் சில நூறு ஐரோப்பியரும் எழுநூறு சிப்பாய்களும்தான் இருந்தார்கள். பீரங்கி இல்லை. எதிர்க்கரையில் மஃபூஸ் கான் பீரங்கிகளை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். அதாவது இந்தச் சண்டையில் பீரங்கி இருந்தது "நம்" பக்கம்! பாரடியின் ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள், கரையேறி ஒன்றாகச் சுட்டார்கள், பயனெட்டோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஒதுங்கி நெருக்கியடித்தபோது அங்கேயும் அணிஅணியாகச் சுட்டுத் தள்ளினார்கள்.

அந்த எழுநூறு சிப்பாய்களும் இந்த மண்ணின் மனிதர்கள். துப்பாக்கியைப் பிடித்து வரிசையில் நிற்க வெள்ளைத் தோல் தேவைப்படவில்லை, பழக்கமும் மாதச் சம்பளமும் போதும் என்று அன்றே நிரூபணமானது. ஆங்கிலேயர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1758 முதல் சென்னையில் சிப்பாய்களைப் பட்டாளங்களாகத் திரட்டினார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வேர் அங்கே இருக்கிறது. அந்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை நம் பெரம்பூர், அயனாவரம் பக்கத்தில் பிறந்தவர் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது.

"நம்மகிட்ட வாளு" என்று சொல்லும்போது இந்தச் சிப்பாய்கள் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். மஃபூஸ் கானின் பீரங்கிக்காரர்களும் விழுந்துவிடுகிறார்கள். தோல்விக்கான காரணமும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. நவாபின் படை வெவ்வேறு தலைவர்கள் கூட்டி வந்த ஆட்களின் தொகுப்பு. ஒன்றாக நின்று பழகாதவர்கள், பாக்கி விழுந்த சம்பளத்துக்குக் காத்திருந்தவர்கள். தைரியத்தில் அவர்களுக்குக் குறைவில்லை.

பழக்கமும் மனஉறுதியும் நல்ல இடமும் அமைந்தால் ஈட்டியே பயனெட்டை நிறுத்தியதற்கும் சான்று நம்மிடம்தான் இருக்கிறது. 1801 மார்ச் 31 அன்று, ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் உடைப்பில் ஏறிய கம்பெனிப் படையைப் பதினெட்டு அடி ஈட்டிகளோடு நின்றவர்கள் குத்தித் தள்ளினார்கள். அந்த மண்சுவரைப் பீரங்கியால் எளிதில் தகர்க்கவும் முடியவில்லை. அந்தக் கோட்டையைப் பிடிக்கக் கம்பெனிக்கு மே 24 வரை ஆனது.

துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்களத்தை மட்டும் மாற்றவில்லை. நாங்கள் இருக்கும் வடசென்னையின் தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கும் அவைதான் காரணம். உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் வீடும் கடையும் கோயிலுமாகப் பழைய கறுப்பர் நகரம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே வீடுகள். அந்த வீடுகள் எதிரியின் பீரங்கிக்கு மறைவிடம் ஆகிவிடும், கோட்டைக்காரனுக்குச் சுடவும் பார்க்கவும் வெளி வேண்டும். ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மீதியை இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. இன்று பூக்கடையில் தேவராஜ முதலி தெருவில் சென்னமல்லீஸ்வரர் கோயிலோடு சேர்ந்து நிற்பது, அதற்கு ஈடாகப் பின்னர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று எழுப்பியது.

அப்படியும் 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை வந்து, இன்றைய ஜார்ஜ் டவுன் வீடுகளில் தங்கி, அங்கிருந்தே இரண்டு மாதத்துக்கு மேல் கோட்டையை அடித்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்த பிறகுதான் முற்றுகை விலகியது. அதன்பின் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று எல்லை வகுத்துக் கல்தூண்கள் நட்டார்கள். 1773 என்று பொறித்த தூண் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. தினமும் லட்சம் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள், இது என்ன என்று தெரியாமல்.

1769-இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்து ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில் ஜார்ஜ் டவுனின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. அதன் மேற்குப் பக்க வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. வால்டாக்ஸ் சாலை அந்த மதிலை ஒட்டிய தடம். வடக்குச் சுவரின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டில் ராயபுரம் பக்கம் இருக்கிறது. அதன்மேல்தான் நம் மாடிப் பூங்கா. பீரங்கிக்காக எழுப்பிய மேடையின்மேல் ஏறித்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தச் சுவர் ஏன் அவ்வளவு அகலம் என்று கேட்கத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உயரமான மெல்லிய மதில் ஏணி போட்டு ஏறுகிறவனுக்குத் தடை. குண்டுக்கு முன் அது பொலபொலவென்று உதிரும். ஆகவே பீரங்கி வந்த பிறகு மதில்கள் தாழ்ந்து, பருத்து, உள்ளே மண் நிரப்பி, முக்கோணமாக வெளியே நீட்டிய கொத்தளங்களோடு வளர்ந்தன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் இன்றைய பலகோண வடிவத்துக்கும் இதே விளக்கம்தான்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு.

முதலாவது, மாணவர் பக்கத்திலேயே, அதே அளவு இடத்தில், ஒரு திருத்தக் கட்டுரை வெளியிட வேண்டும். ராய்ச்சூரும் அடையாறும் அதில் இடம்பெற வேண்டும். திரித்துப்பாக்கியை எப்படிக் கெட்டித்தார்கள் என்பதைப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிள்ளை "துப்பாக்கி இருந்ததால் வென்றார்கள்" என்று சொல்லாது. "அந்த ஒரு நிமிஷம் யார் காவலுக்கு நின்னாங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மீதியைத் தானே தேடிக்கொள்ளும்.

இரண்டாவது, மாடிப் பூங்கா வாசலிலும் பாரிமுனைத் தூணருகிலும் தமிழில் தெளிவான பெரிய பலகை வைக்கும்படி மாநகராட்சியையும் தொல்லியல் துறையையும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். எந்த ஆண்டு, யாருக்குப் பயந்து, எந்த ஆயுதத்துக்கு எதிராக இது கட்டப்பட்டது என்ற மூன்று செய்திகள் பலகையில் இருந்தால் போதும். தென்சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள், நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் இந்த மதிலுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் ஆயுதங்கள் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. மதிலையும் தூணையும் பார்த்துவிட்டு அங்கே போனால், கண்ணாடிக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு அர்த்தம் கிடைக்கும்.

எந்தப் பள்ளி ஆசிரியராவது பிள்ளைகளோடு வர விரும்பினால், தங்கள் அலுவலகம் வழியாகத் தகவல் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு மாடிப் பூங்கா வாசலில் இருப்பேன். மூங்கில் கோல்களும் சுண்ணாம்பும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை